மீன்முள் படமும் தங்கமணியின் மௌனமும்

தங்கமணி தன்னோடு பேசுவதில்லை என்பதைக் கண்டுபிடிக்கச் சபாபதிக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதுவும் தற்செயலாகத்தான். காலையில் அவர் "கோப்பி" என்றார், கோப்பி வந்தது. "பேப்பர்" என்றார், பேப்பர் வந்தது. "சட்டை" என்றார், இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியின் முதுகில் தயாராகத் தொங்கியது. கிள்ளான் மேரு சாலையில் இருந்த அந்த வரிசை வீடு, இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ரமணி பினாங்கில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனபிறகு வீட்டில் இருப்பது இவர்கள் இருவர்தான். இதில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று யார் கவனித்தார்கள்?

மூன்றாம் நாள் காலையில் அவர் பதில் தேவைப்படும் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"என் பச்சை ஃபைல எங்க வச்சே?"

தங்கமணி முகவாயால் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள்.

"எங்கன்னு கேட்டேன்."

மறுபடியும் முகவாய்.

"வாயில என்னா வச்சிருக்க?"

அவள் வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றுமில்லை.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"விரதமா?"

அதற்கும் தலையாட்டல்.

"கோவமா?"

இதற்குக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதற்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போனாள். அடுத்த நிமிடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மார்க்கிரட் டீச்சரிடம், பாசாரில் வாங்கிய வெண்டைக்காய் எல்லாம் முற்றலாக இருப்பதைப் பற்றி அவள் மணிபோலப் பேசுவது கேட்டது.

இன்னொரு கணவனாக இருந்தால் பயந்திருப்பான். சபாபதிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அவருக்கு ஒரு பிரச்சினை அவசரமாகத் தேவைப்பட்டது.

அது எண்பத்து நான்காம் வருடம். ஜப்பானிடம் வேலை கற்றுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொல்ல, நாடே அந்தப் பக்கம் திரும்பி நின்ற காலம். சபாபதி தலைமைக் குமாஸ்தாவாக இருந்த துறைமுகக் கம்பெனியும் திரும்பியது. மேனேஜர் மிஸ்டர் ஓங், ஆபீசில் மூத்தவர்களைப் பொறுக்கியெடுத்து போர்ட் டிக்சனில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்குக் கோர்ஸ் படிக்க அனுப்பினார். பிரச்சினைகளை எப்படிப் பிரித்து, ஆராய்ந்து, தீர்ப்பது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் மிஸ்டர் ஓங் ஒரு குண்டைப் போட்டார்: ஒவ்வொருவரும் ஒரு நிஜப் பிரச்சினையை அந்த முறையில் தீர்த்து, அடுத்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், குடும்பத்தோடு வந்திருக்கும் எல்லார் முன்னிலையிலும் விளக்கிச் சொல்ல வேண்டும். பரிசு உண்டு.

நல்ல பிரச்சினைகளையெல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். கணக்குப் பிரிவு வீரசிங்கம், லோரிகள் தாமதமாக வருவதை எடுத்துக்கொண்டார். கிடங்குக்காரர் எலித் தொல்லையை எடுத்துக்கொண்டார். சபாபதிக்கு மிஞ்சியது ஆண்கள் கழிவறையின் பழுதான குழாய் ஒன்றுதான். அதையும் போன வாரம் யாரோ பழுது பார்த்துத் தொலைத்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் தங்கமணி வாயை மூடினாள்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. ஆபீசிலிருந்து, சுவரில் ஒட்டி எழுதுகிற பெரிய மாஜோங் பேப்பர் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தார். ஹாலில் அதை மாட்ட நல்ல இடம், கல்யாணப் போட்டோ தொங்கிய இடம்தான். போட்டோவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பேப்பரை ஒட்டி, மார்க்கர் பேனாவால் நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டின் முனையில் ஒரு மீன்தலை. தலைக்குள் பிரச்சினை. மேலும் கீழுமாக நான்கு பெரிய முள்: மனிதர், இயந்திரம், பொருள், முறை. எல்லாக் காரணமும் இந்த நான்கு முள்ளில் ஏதோ ஒன்றில் வந்து ஒட்டியே தீரும் என்று போர்ட் டிக்சனில் மிஸ்டர் தியோ சொல்லியிருந்தார். மிஸ்டர் தியோ ஜப்பானுக்கே போய் வந்தவர்.

தங்கமணி விளக்குமாற்றோடு வந்து நின்று மீனைப் பார்த்தாள். தலைக்குள் 'தங்கமணி பேசுவதிள்ளை' என்று எழுதியிருந்தது. சபாபதி இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவர். அவள் பேனாவை வாங்கி 'ள்ளை'யை அடித்து 'ல்லை' என்று திருத்தினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டத் தொடங்கினாள்.

அடுத்த கட்டம், 'ஏன்' கேட்பது. ஒரு விஷயத்தை ஏன், ஏன் என்று விடாமல் ஐந்து முறை கேட்டால் வேர் கையில் வந்துவிடும் என்பது கோர்ஸின் பெரிய ரகசியம். சபாபதி அவளை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தார்.

"நீ ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்குற?"

பதில் இல்லை.

"ஏன் பதில் சொல்ல மாட்டேங்குற?"

பதில் இல்லை.

"ஏன் இப்படிப் பார்க்குற?"

இல்லை.

"ஏன்?"

அவர் ஐந்தாவது 'ஏன்' கேட்க வாயெடுத்தபோது தங்கமணி மூக்கை உறிஞ்சினாள். சட்டென்று எழுந்து சமையலறைக்கு ஓடினாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

சபாபதி தொடையில் தட்டிக்கொண்டார். ஐந்தாவது 'ஏன்' சமையலறையில் போய் முடிந்திருக்கிறது! பின்னாலேயே போய்ப் பார்த்தார். கேஸ் அடுப்பின் ஒரு பக்கம் எரியவில்லை. எரிந்த பக்கமோ கொழுந்துவிட்டு எரிந்தது. அடுப்பைப் பற்றி அவள் ஒரு தீபாவளியின்போது ஏதோ சொன்னது மங்கலாக நினைவுக்கு வந்தது. எந்தத் தீபாவளி என்பதுதான் வரவில்லை.

'இயந்திரம்' என்ற முள்ளில் அடுப்பு என்று எழுதிவிட்டு, மறுநாள் சனிக்கிழமை தானே அதைக் கழற்றினார். மாலையில் திரும்ப மாட்டியபோது ஒரு பக்கம் எரியாத அடுப்பு, இரண்டு பக்கமும் எரியாத அடுப்பாக ஆகியிருந்தது. வேறு வழியில்லாமல் கடைக்குப் போய், மூன்று பக்கம் எரிகிற ஜப்பான் அடுப்பு வாங்கி வந்தார்.

தங்கமணி மூன்றையும் பற்ற வைத்தாள். மூன்று நீலத் தீயையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். சபாபதி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைவதுபோலத்தான் இருந்தது. அதற்குள் வெளியே தூறிய மழையில் கூரையிலிருந்து ஒரு சொட்டு நீர் புது அடுப்பின்மேல் விழுந்து 'சுர்' என்றது. அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது.

"பொருள்!" என்று கத்திக்கொண்டு சபாபதி ஹாலுக்கு ஓடினார். "கூரை! பொருள்ல வருது!"

கூரை வேலைக்கு அய்யாவு வந்தார். காப்பார் பக்கம் வீடு கட்டிக்கொடுப்பவர். ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஓடுதான் அண்ணே, அரை நாள் வேலைலா" என்றார். அரை நாளில் அந்த இரண்டு ஓடுகளையும் எடுத்தார். அடியில் இருந்த சட்டம் உளுத்துப்போயிருந்தது. அதைத் தொட்டார். சமையலறைக் கூரையில் பாதி, தானாகவே கீழே வந்து உட்கார்ந்தது. அன்றைக்கென்று கிள்ளானில் அப்படி ஒரு மழை.

சபாபதி ஆபீசிலிருந்து வந்தபோது தங்கமணி ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் சொல்லேன் தங்கம்! திட்டவாவது திட்டேன்!"

அவள் குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். அவ்வளவுதான்.

கூரை முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. புதுக்கூரைக்குக் கீழே பழைய சுவர் சகிக்கவில்லை என்று அய்யாவு சொன்னதால் சாயமும் அடிக்க வேண்டியதாயிற்று. என்ன நிறம் என்று அவர் கேட்டபோது சபாபதி அலுத்துப்போய், "அம்மாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஹாலில் உட்கார்ந்தார்.

"வெளிர் பச்சை நல்லாருக்கும் அண்ணே," என்று சமையலறையில் தங்கமணியின் குரல் கேட்டது. "ரொம்பப் பச்சையா வேணாம். அப்படியே ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு தட்டு அடிச்சிக் குடுத்தீங்கன்னா, மிளகாய்த்தூள் டின்னெல்லாம் எடுக்க லேசா இருக்கும். தண்ணி குடிக்கிறீங்களா?"

அடுத்த வீட்டு ரேடியோவில் தன் மனைவி பாடுவதைக் கேட்பவர்போலச் சபாபதி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

'முறை' முள்ளில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. மிச்சம் இருந்தது 'மனிதர்' முள். அதில் அவர் எழுதிய ஒரே பெயர் சின்னையா. தங்கமணியின் அண்ணன், பந்திங்கில் இருப்பவர். ஏழெட்டு வருடத்துக்கு முன் சின்னையா தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சபாபதியின் பெயரைப் போட மறந்துவிட்டார். சபாபதி மண்டபத்துக்குப் போய், தாலி கட்டியதும் ஒரு வாய் சாப்பிடாமல் தங்கமணியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தங்கமணி அவர்களைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தன் காடியை ஓட்டிக்கொண்டு பந்திங்குக்குப் போனார். வழி நெடுக, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். வாசலில் சின்னையாவைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்தது எல்லாம் போய்விட்டது.

"மச்சான்... தப்பு என்மேலதான்."

சின்னையா பெரிய உடம்புக்காரர். ஓடி வந்து கட்டிக்கொண்டதில் சபாபதியின் மூக்குக் கண்ணாடி கோணிப்போனது.

"அன்னைக்கே வந்து இழுத்துட்டுப் போயிருக்கணும் மாப்பிள்ளை! நானும் வீம்பா இருந்துட்டேன். நல்லம்மா! பெட்டிய எடு! இந்த வாரம் பூரா கிள்ளான்லதான்!"

அப்படியே செய்தார்கள். சின்னையாவும் மனைவி நல்லம்மாளும், மகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். தங்கமணி அண்ணனைப் பார்த்து அழுதாள். பேரப்பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். நாள் முழுக்க விடாமல் பேசினாள். சபாபதி அறைக்குள் வரும்போது மட்டும் பேச்சு அவரைத் தாண்டிப் போனது. முன்பு இந்த விஷயம் புருஷன் பெண்சாதிக்குள் இருந்தது. இப்போது ஒரு வீடு நிறைய சாட்சிகள்.

"மாப்பிள்ளை," என்றார் சின்னையா, மீன் படத்தைப் பார்த்தபடி. "என் தங்கச்சி உங்ககிட்ட பேசறதில்லையா?"

"அதத்தான் மச்சான் ஆராய்ச்சி பண்றேன்."

"என்னா செஞ்சீங்க அவள?"

"அதான் மச்சான் தெரியல."

இனிமேல் ஒரே வழிதான் இருந்தது: பிரெய்ன் ஸ்டோர்மிங். ஒரு தலை யோசிக்க முடியாததைப் பல தலைகள் சேர்ந்து யோசிக்கும். அடுத்த ஞாயிறு மாலை ஹாலில் கூட்டம் கூடியது. சின்னையா, நல்லம்மாள், பக்கத்து வீட்டு மார்க்கிரட் டீச்சர், ஆபீஸ் வீரசிங்கம், அவர் மனைவி பூமணி. வீரசிங்கமும் பூமணியும் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் பேச்சில் இன்னும் யாழ்ப்பாணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சபாபதி மார்க்கரோடு எழுந்து நின்றார்.

"ரூல் ரொம்ப சிம்பிள். மனசுல என்ன தோணுதோ சொல்லலாம். யாரும் சிரிக்கக் கூடாது. தப்புன்னு சொல்லக் கூடாது. எல்லாத்தையும் எழுதணும்."

"ஐசே," என்றார் வீரசிங்கம். "உம்மட மனிசி கதைக்கிறேல்ல எண்டால் நீர் குடுத்து வச்சவர். இதைப் பிரச்சினை எண்டு ஆர் சொன்னது? என்ர வீட்டில..."

பூமணி திரும்பிப் பார்த்தாள். வீரசிங்கம் இருமினார்.

"ஐடியா மட்டும் சொல்லுங்க," என்றார் சபாபதி.

"நீங்கள் குறட்டை விடுறனீங்களாம்," என்றாள் பூமணி.

"அது வந்து, சளி பிடிச்சா மட்டும்தான்..."

"தப்புன்னு சொல்லக் கூடாது மாப்பிள்ளை!" என்று சின்னையா கையை உயர்த்தினார். "எழுதுங்க."

சபாபதி எழுதினார்.

"சாப்பிடறப்ப தட்டைப் பார்க்கறதில்ல, பேப்பரைப் பார்க்குறாரு," என்றாள் நல்லம்மாள். "நேத்து நான் உப்பில்லாத கூட்டு வச்சேன். நல்லாருக்குன்னு சாப்பிட்டாரு."

எழுதினார்.

"கோப்பி குடிச்ச குவளைய அங்கேயே வச்சிட்டுப் போறாரு," என்றார் சின்னையா உற்சாகமாக.

எழுதினார்.

"எதைச் சொன்னாலும் 'ம்' எண்டுறார். ஆபீசிலயும் அப்பிடித்தான்," என்றார் வீரசிங்கம்.

முதல் பேப்பர் நிறைந்தது. இரண்டாவது ஒட்டப்பட்டது. முள்ளுக்குமேல் முள் கிளைத்து, இப்போது அந்த மீனை யாராவது சாப்பிட்டால் தொண்டையில் சிக்கிச் செத்தே போவார்கள். தன் குற்றங்களையெல்லாம் தன் கையாலேயே, ஒன்றையும் மறுத்துப் பேச வழியில்லாமல், கொட்டை எழுத்தில் எழுதுவதற்குத்தான் போர்ட் டிக்சன் வரை போனோமா என்று சபாபதிக்கே சந்தேகம் வந்தது.

அதுவரை பேசாமல் இருந்த மார்க்கிரட் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் சபாபதி, ஒரு கேள்வி கேட்கலாமா? தங்கமணி கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

சபாபதி வாயைத் திறந்தார். மிஸ்டர் தியோ சொன்னதெல்லாம் வரிவரியாக ஞாபகம் இருந்தது. இது வரவில்லை.

"கடைசியா ஞாபகம் இருக்கறது, போர்ட் டிக்சன் கிளம்புற அன்னைக்கு... காடிகிட்ட வந்தா. கதவைப் பிடிச்சிக்கிட்டு ஏதோ சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"'ம்'னு சொன்னேன்."

"அது நீங்க சொன்னது. அவங்க?"

தேத்தண்ணீர் தட்டோடு வந்த தங்கமணி வாசலிலேயே நின்றாள். எல்லாரும் சபாபதியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மார்க்கிரட் டீச்சருக்கே பாவமாகிவிட்டது. "சரி விடுங்க. நான் ஒரு ஐடியா சொல்றேன். காடி ஓட்டக் கத்துக்கணும்னு தங்கமணிக்கு ஆசை. லைசென்ஸ் எடுக்க விடுங்களேன்."

"இந்த வயசுலயா? கிள்ளான் ரோட்ல லோரிக்கு நடுவுல..." என்று ஆரம்பித்த சபாபதி, ஐந்து கைகள் மேலே போவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி. எழுதறேன்."

ஓட்டெடுப்பு நடந்தது. எல்லாக் கையும் டிரைவிங் கிளாசுக்கே உயர்ந்தது. சமையலறை வாசலில் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தங்கமணியும் கையை உயர்த்தினாள்.

சின்னையா குடும்பம் ஊருக்குப் போனபிறகு வகுப்பு தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவரிடம் தங்கமணி நிறையச் சந்தேகம் கேட்டாள். சபாபதி பக்கத்தில் உட்கார்ந்து பழக்கும்போது மட்டும் மௌனம். சபாபதி ஜாடையிலேயே பதில் வாங்கப் பழகியிருந்தார். சனிக்கிழமை மதியம் வீட்டு வாசலில் பின்னால் எடுக்கச் சொன்னார். "ரைட்ல கேட்டு இருக்கு, தெரியுதா?" அவள் தலையாட்டினாள். பின்னால் எடுத்தாள். இரும்புக் கேட்டின் தூண் சாய்ந்து, கேட்டும் அதோடு படுத்தது.

தங்கமணி இறங்கி வந்து தூணைப் பார்த்தாள். காடியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். முகத்தில் முதல்முறையாக ஒரு பயம்.

அத்தனை வருடமாகத் திட்டிய திட்டெல்லாம் சபாபதியின் நாக்கில் வரிசையாக வந்து நின்றது. அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"பரவால்லலா," என்றார். "பழைய கேட்டுதானே. துருப்பிடிச்சது. அடி ஒண்ணும் படலல்ல?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் பேசவில்லை.

புதுக் கேட்டு வந்தது. வீட்டில் புது அடுப்பு, புதுக் கூரை, வெளிர் பச்சைச் சுவர், புதுத் தட்டு எல்லாம் இருந்தன. அண்ணன் உறவு திரும்பிவிட்டது. லைசென்ஸ் வரப்போகிறது. மீன்தலைக்குள் மட்டும் அதே வரி, அதே திருத்தத்தோடு. பிரிக்ஃபீல்ட்ஸ் விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ஆனால் சபாபதிக்கு இப்போது விழாவைப் பற்றிய நினைப்பே இல்லை. ஆபீசில் யாராவது பெண் குரலில் சிரித்தால் திரும்பிப் பார்த்தார். வேலிப் பக்கம் பேச்சு கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். சாப்பிடும்போது பேப்பரை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். அவள் இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. அது எப்போது வந்தது, எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. சபாபதி ஹாலில் இருந்த இரண்டு பேப்பரையும் கிழித்துச் சுருட்டினார். கல்யாணப் போட்டோவைத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டினார். சமையலறைக்குப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கமணிக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னால முடியல, தங்கம்."

அவள் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சானுக்கு உன் குரல் கேக்குது, டீச்சருக்குக் கேக்குது. கூரை போட வந்தவருக்குக்கூடக் கேக்குது. எனக்கு மட்டும் கேக்கல. நீ பேசாததாலதான்னு நெனச்சேன். இல்ல. நீ பேசினப்பவும் எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா, கடைசியா நீ என்னா சொன்னேன்னு ஞாபகம் இருந்திருக்கும்ல." அவர் குரல் இறங்கியது. "இப்ப பேப்பரும் இல்ல, பேனாவும் இல்ல. நீ என்னா வேணும்னாலும் சொல்லு. நான் கேக்கறேன்."

தங்கமணி கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயமாகவும் இருக்கலாம். கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

"உப்பு தீர்ந்துபோச்சு," என்றாள்.

"என்னா?"

"உப்பு. கடைக்குப் போயிட்டு வாங்க. கொழம்பு வைக்கணும்."

சபாபதி எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. குடை எடுக்கவில்லை, செருப்புக்கூட ஒரு காலில் அவருடையது, ஒரு காலில் அவளுடையது. கடைக்காரரிடம் மூன்று பாக்கெட் உப்பு வாங்கி, "எங்க வீட்டுக்காரி சொன்னா" என்று இரண்டு தடவை சொன்னார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் சிரித்து வைத்தார்.

அன்று மாலை தங்கமணி பேசினாள். அண்ணன் பேரனுக்குப் பல் முளைத்ததிலிருந்து, ரமணி ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்பதுவரை. புருவத்து வெட்டு சின்ன வயதில் ஊஞ்சலில் இருந்து விழுந்ததாம். அதைக் கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாளாம். சபாபதி ஒரு இடத்தில்கூட 'ம்' சொல்லவில்லை. "அப்புறம்?" என்று கேட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் அவருடைய முறை வந்தபோது வீட்டு விஷயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒரு பழைய வாடிக்கையாளர்" என்று ஆரம்பித்தார். "இருபத்திரண்டு வருட வாடிக்கையாளர். திடீரென்று நம்மோடு தொடர்பை நிறுத்திவிட்டார்." இயந்திரத்தைச் சரி செய்ததையும், பொருளை மாற்றியதையும், விட்டுப்போன மனிதத் தொடர்பைப் புதுப்பித்ததையும் சொன்னார். ஒவ்வொன்றும் எப்படித் தோற்றது என்றும் ஒளிக்காமல் சொன்னார். முன் வரிசையில் வீரசிங்கம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கடைசியில் கண்டுபிடித்த வேர் என்ன?" என்று மிஸ்டர் ஓங் கேட்டார்.

"வாடிக்கையாளர் சொன்னதை நாம் காதில் வாங்கவில்லை, சார்."

மண்டபம் கைதட்டியது. மிஸ்டர் ஓங் மேடை ஏறி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் கிளைக்கும் போய் இந்த முறையைச் சபாபதிதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். முதல் பரிசாக ஒரு ஜப்பான் ரைஸ் குக்கர். சபாபதி அதை வாங்கிய கையோடு கீழே இறங்கிப் போய்த் தங்கமணியின் மடியில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.

தேநீர் வேளையில் அவரே போய் அவளுக்காகக் கறிபாப் பலகாரம் எடுத்தார். வரிசையில் நின்றபோது மனம் நிறைந்திருந்தது. கோர்ஸ் என்றால் இதுதான் கோர்ஸ். ஜப்பான்காரன் லேசுப்பட்டவன் இல்லை. முறையாக ஆராய்ந்தால் தீராத பிரச்சினை என்று உலகத்தில் ஒன்று இருக்கிறதா?

தட்டை ஏந்திக்கொண்டு தூணைச் சுற்றி வந்தார். தங்கமணி ரைஸ் குக்கரை அணைத்தபடி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பூமணி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் கணவர் தூரத்தில்தான் நிற்கிறார் என்று ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, அவள் காதோரம் குனிந்தாள்.

"தங்கமணி அக்கா, வாஷிங் மெஷினுக்கு எத்தனை நாள் கதைக்காம இருக்க வேணும்?"